பல்துறை ஆய்வு நிதி: சேர்ந்து வரச் சொல்வார்கள், தனித்தனியாகப் பார்ப்பார்கள்

ஐந்துக்கு மூன்றரை. அதில் அரைப் புள்ளி, தொலைபேசியை எடுத்து மரியாதையாகப் பதில் சொன்ன ஓர் அலுவலருக்கு மட்டும். மிச்ச மூன்றும் எப்படிக் கிடைத்தது, போன ஒன்றரை எங்கே போனது என்பதைக் கீழே எழுதுகிறேன்.

கிளிநொச்சியில் எந்தக் கடையில் கொத்து நல்லது, வவுனியாவில் எந்தக் கராஜை நம்பி மோட்டார் சைக்கிளைக் கொடுக்கலாம் என்றெல்லாம் எழுத ஆட்கள் இருக்கிறார்கள். பல்கலைக்கழகங்களில் வேலை செய்கிற நாங்கள் அரைவாசி நேரத்தைக் கொண்டுபோய்க் கொட்டுகிற இடம் ஆய்வு நிதி விண்ணப்பம். அதற்கு மட்டும் ஒருவரும் விமர்சனம் எழுதுவதில்லை. காசு கிடைத்தவர்கள் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். கிடைக்காதவர்கள் கன்ரீனில் பிளேன் ரீயோடு திட்டித் தீர்த்துவிட்டுப் போகிறார்கள். படிவம் தருகிறார்கள், வழிகாட்டி தருகிறார்கள், சந்தேகம் கேட்க ஓர் இலக்கமும் தருகிறார்கள். அப்படியென்றால் அதுவும் ஒரு சேவைதானே, நல்லது கெட்டதைச் சொல்லலாம்.

நிதி தருகிற அமைப்பின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இது சின்ன நாடு. ஆராய்ச்சிக்கு நாங்கள் செலவழிப்பது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.1 வீதத்தை ஒட்டியே வருடக்கணக்காக நிற்கிறது. இருக்கிற கதவுகள் கொஞ்சம், அடுத்த முறையும் அதே கதவைத்தான் தட்டவேண்டும். இயற்கை விஞ்ஞானங்களும் பொறியியலும் சேர்ந்த பல்துறைக் கூட்டாய்வுக்கு வந்த ஓர் அழைப்பு என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் சிவில் எஞ்சினியர், கிளிநொச்சியில் நீர்வளப் பொறியியல் படிப்பிக்கிறேன். என்னோடு சேர்ந்தவர்கள் இருவர். ஒருவர் மண் ஆராய்ச்சியாளர், எங்களைவிட மூத்தவர், எல்லாருக்கும் அவர் சேர். மற்றவர் வவுனியாவில் பகுப்பாய்வு இரசாயனம் செய்கிற பெண், எனக்கு ஒத்த வயது.

எங்கள் கேள்வி ஆர்.ஓ. பிளான்றைப் பற்றியது, அதாவது தண்ணீரை அழுத்தி ஒரு மென்சவ்வுக்குள்ளால் விட்டு உப்பைப் பிரிக்கிற நிலையம். வன்னியைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லவேண்டும். கிளிநொச்சிக்கு வடக்கே போகப் போகச் சுண்ணக்கல். தெற்கே வவுனியா, செட்டிகுளம் பக்கம் பழைய பளிங்குருப் பாறை. இலங்கையின் பாறைத் தொகுதிகளில் ஒன்றுக்கு வன்னித் தொகுதி என்றே புவிச்சரிதவியலாளர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பாறை வெடிப்புகளில் நின்று வருகிற கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் வன்மை கூடியது. கேத்திலைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் வெள்ளைப் படை இருக்கும். சில கிணறுகளில் புளோரைட்டும் கூட. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி லீற்றருக்கு 1.5 மில்லிகிராம், இலங்கையின் குடிநீர்த் தரம் 1.0. இதைத் தாண்டுகிற கிணறுகள் உண்டு. இதோடு, 1990களில் வடமத்திய மாகாணத்தில் அடையாளம் கண்ட, காரணம் இன்னும் உறுதியாகாத சிறுநீரக நோய் வவுனியா மாவட்டத்திலும் இருக்கிறது. அதனால் கடற்படையும் வேறு அமைப்புகளும் ஊருக்கு ஊர் ஆர்.ஓ. பிளான்ற் போட்டுக் கொடுத்தார்கள். பின்னேரமானால் சைக்கிள் கரியரில் இருபது லீற்றர் கானைக் கட்டிக்கொண்டு சனம் வரும்.

நல்ல தண்ணீரைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். மற்றக் குழாயில் போகிற தண்ணீரைப் பற்றி எழுதினவர்கள் குறைவு. ஆர்.ஓ. என்றால் உப்பை அழிப்பதில்லை, ஒரு பக்கம் ஒதுக்குகிறது. நூறு லீற்றர் உள்ளே போய் ஐம்பது நல்ல தண்ணீராக வந்தால், மற்ற ஐம்பதில் உப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காக நிற்கும். தண்ணீரை வீணாக்காமல் எழுபத்தைந்தை எடுத்தால், மிச்ச இருபத்தைந்தில் நாலு மடங்கு. செட்டிகுளம் பக்கத்தில் நாங்கள் பார்த்த ஒரு பிளான்றில் அது வேலியோரம் வாய்க்காலாக ஓடி ஒரு வாழைத் தோட்டத்துக்குள் போகிறது. பிளான்றைப் பார்த்துக்கொள்கிற அக்காதான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். "மிஸ், இந்த வரிசையப் பாருங்கோ, ஓரமெல்லாம் கருகுது. அங்கால வரிசை பச்சையா நிக்குது. தண்ணி ஒண்டுதான், வாற இடந்தான் வேற." இலையின் நடு பச்சை, விளிம்பு மட்டும் நெருப்புப் பட்டதுபோலக் கபிலமாகச் சுருண்டிருந்தது. சேர் ஒரு இலையை ஒடித்து மணந்து பார்த்துவிட்டு, குனிந்து மண்ணைக் கிளறினார். மேலே மெல்லிய ஓடு கட்டியிருந்தது, விரலால் தட்டினால் சிப்பிபோலக் கழன்று வந்தது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், பல்துறை ஆய்வு என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. எஞ்சினியராக நான் தண்ணீரை மிச்சம் பிடிக்கப் பார்த்தால் கழிவு குறையும், ஆனால் உப்புக் கடுமையாகும், சேரின் மண் கெடும். சேரின் மண்ணுக்கு இரக்கப்பட்டு அழுத்தத்தைக் குறைத்தால் கோடையில் கிணறு வற்றும். இடையில் கல்சியம் மென்சவ்வில் படியத் தொடங்குகிற புள்ளி எது என்பதை இரசாயனம் தெரிந்தவர் சொல்லாவிட்டால் நாங்கள் இரண்டு பேரும் இருட்டில் கதைக்கிறோம். மூன்று பேரில் ஒருவர் போனாலும் மற்ற இருவரின் விடை பிழைக்கும். இந்த நிதித் திட்டம் கேட்பது இதைத்தான் என்று நினைத்தோம். வழிகாட்டியின் முதல் பக்கமும் அப்படித்தான் சொன்னது.

சரி, படிவத்துக்கு வருவோம். முதல் கட்டம் இரண்டு பக்கக் கருத்துக் குறிப்பு. இதற்கு முழுப் புள்ளி. முழு முன்மொழிவு எழுதுவதென்றால் குடும்பத்தை மறக்கவேண்டும், இரண்டு பக்கத்துக்கு அப்படியில்லை. இன்னொரு நன்மையும் உண்டு. இரண்டு பக்கத்துக்குள் மூன்று துறையையும் ஒட்டுப்போட்டு மறைக்க முடியாது. எங்கள் முதல் வரைவில் தண்ணீர் ஒரு பந்தி, மண் ஒரு பந்தி, இரசாயனம் ஒரு பந்தி என்று இருந்தது. சேர் வாசித்துவிட்டு, "இது மூண்டு பேர் ஒரே வானில போற மாதிரி இருக்கு, ஒரே இடத்துக்குப் போற மாதிரி இல்லை" என்றார். அதன் பிறகுதான் மேலே சொன்ன ஐம்பது, எழுபத்தைந்து கணக்கை முதல் வரியில் வைத்தோம்.

குறிப்போடு பொதுமக்களுக்கான சுருக்கம் ஒன்றும் கேட்டிருந்தார்கள், விரும்பினால் தமிழிலோ சிங்களத்திலோ எழுதலாம். இதையும் பாராட்டவேண்டும். தமிழில் எழுதி, அதைக் கொண்டுபோய் பிளான்ற் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி மிஸ், கடைசியில அந்தத் தண்ணிய எங்க விடச் சொல்லப் போறீங்கள்?" என்றார். இவ்வளவு அளந்து, இவ்வளவு பகுத்து, விடுகிற இடத்தைப் பற்றி ஒரு வரி எங்கள் திட்டத்தில் இல்லை. வேறு வேறு உப்பளவில் நீர் பாய்ச்சிப் பார்க்கிற சின்னச் சின்னப் பாத்திகள் என்ற பகுதி அந்தக் கேள்வியிலிருந்து வந்தது.

இனி ஒன்றரைப் புள்ளி போன கதை.

இணையப் படிவத்தின் மூன்றாவது திரையில் ஒரு பெட்டி: முதன்மைத் துறை. கீழே இழுத்தால் பட்டியல் வரும், ஒன்றைத்தான் தெரியலாம். இரண்டை அழுத்தினால் முதலாவது போய்விடும். பல்துறைக்கென்றே போட்ட அழைப்பில் இந்தப் பெட்டி! அதைத் தாண்டாமல் அடுத்த பக்கம் திறக்காது. இதை வெறும் சம்பிரதாயம் என்று நினைக்கவேண்டாம், விண்ணப்பம் எந்த மதிப்பீட்டாளரின் மேசைக்குப் போகும் என்பதை அந்தப் பெட்டிதான் தீர்மானிக்கிறது. தொலைபேசி எடுத்துக் கேட்டேன். அலுவலர் தமிழிலேயே கதைத்தார். "மிஸ், அது பழைய சிஸ்டம். ஒண்டைப் போடுங்கோ, மற்ற இரண்டையும் கவர் லெற்றரில எழுதுங்கோ, நான் குறிச்சு வைக்கிறன்" என்றார். அரைப் புள்ளி அங்கே வந்தது. ஆனால் ஓர் ஆள் நல்லவராக இருப்பதில் தங்கியிருக்கிற ஏற்பாடு, அவர் லீவில் நின்றால் என்ன ஆகும்?

இது எங்கள் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. 2016-இல் லிண்டெல் புரோமம் என்பவரும் இரண்டு சகாக்களும் நேச்சர் இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஆஸ்திரேலிய ஆராய்ச்சிப் பேரவையின் ஒரு திட்டத்துக்கு ஐந்து வருடத்தில் வந்த 18,476 விண்ணப்பங்களை எடுத்து, விண்ணப்பதாரர்கள் குறித்த துறைக் குறியீடுகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரம் என்று கணக்கிட்டார்கள். துறைகளின் தூரம் கூடக் கூட, நிதி கிடைக்கிற வாய்ப்புக் குறைகிறது. இதை இரசாயனக்காரிதான் அச்செடுத்துக் கன்ரீன் மேசையில் போட்டார். சேர் கடைசிப் பக்கம் வரை வாசித்துவிட்டு, "அப்ப நாங்கள் விளங்கித்தான் விழப்போறம்" என்று சிரித்தார்.

மற்ற நாடுகளில் என்ன செய்கிறார்கள் என்று தேடிப் பார்த்தேன். கனடாவில் எங்கள் பட்ச் பொடியன் ஒருவன் பேராசிரியராக இருக்கிறான், வட்ஸ்அப்பில் பிடித்தால் இரவிரவாகக் கதைப்பான். அங்கே இயற்கை விஞ்ஞானம், பொறியியலுக்கென்று ஒரு பேரவை, என்.எஸ்.இ.ஆர்.சி., 1978-இல் வந்தது. சமூக விஞ்ஞானத்துக்கு ஒன்று, சுகாதாரத்துக்கு ஒன்று என்று மொத்தம் மூன்று. மூன்றுக்கும் நடுவில் விழுகிற யோசனைகளுக்காக 2018-இல் ஒரு பொது நிதியைத் தொடங்கினார்கள். பெயர் புதிய எல்லைகள் ஆராய்ச்சி நிதி. அதன் 'எக்ஸ்ப்ளோரேஷன்' பிரிவில் வருடத்துக்கு 125,000 கனடிய டொலர் வரை, இரண்டு வருடத்துக்கு. அவர்கள் புள்ளி போடுகிற முறைதான் எனக்குப் பிடித்தது. பல்துறையா இல்லையா என்பதற்குப் புள்ளியே இல்லை, அது சித்தி அல்லது தவறல். அந்த வாசலைத் தாண்டினால்தான் மிச்சம். அப்புறம் துணிச்சலுக்கு 40, பலனுக்கு 40, செய்ய முடியுமா என்பதற்கு 20. எங்கள் ஆட்கள் செய்ய முடியுமா என்பதைத்தான் தலையில் தூக்கி வைத்திருக்கிறார்கள். அங்கே அது ஐந்தில் ஒரு பங்கு. இணை முதன்மை ஆய்வாளர் என்று இன்னொரு இடமும் அவர்களிடம் இருக்கிறது.

எங்கள் படிவத்தில் முதன்மை ஆய்வாளர் ஒருவர்தான், மற்ற இருவரும் இணை ஆய்வாளர்கள். பதவி உயர்வுப் படிவம் நிரப்புகிற நாளில் இந்தச் சின்ன வித்தியாசம் எவ்வளவு பெரிது என்று உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும். எங்கள் மூவருக்குள் இதில் மனஸ்தாபம் வரவில்லை. சேர், "எனக்கு இனி ஏறுறதுக்குப் படி இல்லை, நீங்கள் போடுங்கோ பிள்ளை" என்று எழும்பிப் போய்விட்டார். எல்லாக் குழுவிலும் இப்படி ஒரு சேர் இருக்கமாட்டார்.

பிரித்தானியாவிலும் அரச ஆராய்ச்சி நிதி அமைப்பான யூ.கே.ஆர்.ஐ. 2023-இல் இதேபோலப் பேரவைகளைத் தாண்டிய திட்டம் ஒன்று தொடங்கி, மதிப்பிடுவதற்கும் பல துறை ஆட்களைச் சேர்த்துத் தனிக் குழாம் அமைத்தது. காசு பெரிய நாட்டுக் காசு, அதில் நாங்கள் போட்டி போட ஏலாது. மதிப்பிடுகிறவரைப் பல்துறைக்குப் பழக்குவதற்குப் பெரிய காசு தேவையில்லை. அதையாவது எடுக்கலாம்.

கால அட்டவணைக்கு வருகிறேன், இது எனக்கு ஆற்றாத விஷயம். படிவம் ஜனவரியில் தொடங்குகிற காலாண்டுகளாகப் பிரித்திருந்தது. இரசாயனத்துக்குப் பரவாயில்லை, அவர் மாதாமாதம் போத்தலை எடுத்துக்கொண்டு போவார். எனக்கும் பரவாயில்லை, பிளான்றில் பதிகருவியைப் பூட்டினால் நிமிடத்துக்கு நிமிடம் எழுதும். சேருக்கு வேண்டியது போகம். வன்னியில் வடகீழ்ப் பருவமழையோடு ஐப்பசி, கார்த்திகையில் காலபோகம் விதைப்பார்கள். மாசி, பங்குனி வரை அது போகும். சிறுபோகம் குளத்தில் தண்ணீர் நின்றால்தான். இரண்டு பக்கமும் பார்க்கவேண்டும், ஏனென்றால் சிறுபோகத்தில் மண்ணின் மேல் ஏறுகிற உப்பை மாரி மழை கீழே கழுவிக்கொண்டு போகிறது. எவ்வளவு கழுவுகிறது என்பதே ஆய்வின் பாதி. நிதி மார்கழியில் வந்தால் ஒரு காலபோகம் கை நழுவிவிடும். திட்டக் காலம் இருபத்துநாலு மாதம், அதில் முழுதாக ஒரு காலபோகம்தான் மிஞ்சும், அதுவும் மழை பிழைத்தால் இல்லை. இதை அட்டவணையில் காட்ட இடமில்லை. காலாண்டுப் பெட்டிகளுக்குள் போகத்தை அடைக்கப் பார்த்து, கடைசியில் பெட்டிகளுக்குக் கீழே அடிக்குறிப்பாக எழுதினோம். அதை எவராவது வாசித்தார்களா தெரியாது.

வரவுசெலவுப் பக்கம் பெரிய குறை இல்லை. கருவிக்கு மூன்று விலைக்கோரல், ஆய்வு உதவியாளருக்கு மாதக் கொடுப்பனவு, போக்குவரத்து, எல்லாம் வழக்கமானவை. ஒரே ஒரு விஷயம். எல்லாத் தொகையையும் ரூபாயில் பூட்டிவிடுகிறார்கள். புளோரைட்டு மின்வாய், பதிகருவி, மென்சவ்வு எல்லாம் இறக்குமதி. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாயைச் சுற்றி இருந்தது, மே மாதம் 360-ஐத் தொட்டது. அந்த வருடம் கையில் நிதி வைத்திருந்த ஆட்கள் பாதிக் கருவிதான் வாங்கினார்கள். எதிர்பாராச் செலவுக்கென்று ஒரு வரியாவது விட்டிருக்கலாம். 'ஏனையவை' என்று ஒரு வரி இருக்கிறது, அதற்குள் மூன்று வீதத்துக்கு மேல் வைத்தால் படிவம் சிவப்பாகிறது.

இயற்கை விஞ்ஞானம், பொறியியல் என்ற வேலிக்குள் நிற்கவேண்டும் என்பதையும் கண்டிப்பாகச் சொன்னார்கள். அது நியாயம். ஆனால் அந்தக் கழிவுத் தண்ணீரை யார் வயலுக்குள் விடுவது, பிளான்றை நடத்துகிற சங்கத்துக்கும் பக்கத்துத் தோட்டக்காரருக்கும் என்ன ஒப்பந்தம் என்பதெல்லாம் வேலிக்கு வெளியே போய்விட்டது. கிராமத்துக் கூட்டம் வைக்கக் கேட்ட தேநீர்ச் செலவுகூட வெட்டப்பட்டது. சிறுநீரக நோயைத் தலைப்பில் போடுங்கோ, அப்படியென்றால் காசு நிச்சயம் என்று இரண்டு மூன்று பேர் புத்தி சொன்னார்கள். நாங்கள் போடவில்லை. எங்கள் குழுவில் வைத்தியர் இல்லை, நோய்க்குக் காரணம் என்று புளோரைட்டு, வன்மை, விவசாய இரசாயனம், வெயிலில் உடல் வறட்சி என்று ஆளுக்கொன்று சொல்லி இன்னும் முடிவாகவில்லை. கிளைபொசேட் என்ற களைநாசினியை 2015-இல் தடை செய்து, பிறகு தளர்த்தின கதையும் எல்லாருக்கும் தெரியும். தெரியாததை வைத்துக் காசு கேட்க மனம் வரவில்லை. இந்த விஷயத்தில் நிதி அமைப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அந்தச் சொல் இல்லாமலே முதல் கட்டத்தைத் தாண்டினோம்.

முழு முன்மொழிவு போய், மதிப்பீடு வந்தது. இதுதான் விமர்சனத்தின் முக்கிய இடம். முதல் மதிப்பீட்டாளர் இரசாயனம் என்று எழுத்திலேயே தெரிந்தது. பகுப்பாய்வு முறைகள் தரமானவை, ஆனால் புதிய இரசாயனம் எதுவும் இல்லை என்று எழுதியிருந்தார். உண்மை, இல்லைத்தான். இரண்டாமவர் எஞ்சினியர். மென்சவ்வில் மேம்பாடு எதுவும் முன்மொழியப்படவில்லை, பாத்திகள் எதற்கு என்று விளங்கவில்லை என்றார். அதுவும் உண்மை, மென்சவ்வைத் தொடவே இல்லை. இரண்டு பேரும் தங்கள் தங்கள் துறையில் நேர்மையாக, கவனமாக வாசித்திருக்கிறார்கள். ஒருவர் வாசித்த பக்கத்தை மற்றவர் வாசிக்கவில்லை. ஐம்பது, எழுபத்தைந்து கணக்கைப் பற்றி ஒரு வரிகூட இரண்டிலும் கிடையாது. மண்ணுக்கு மதிப்பீட்டாளர் இருந்ததாகவே தெரியவில்லை.

முடிவுக் கடிதம் இன்னும் நல்ல பகிடி. நிதி கிடைத்தது! கேட்ட தொகையைக் குறைத்து, மண் பாத்திப் பகுதியை இரண்டாம் கட்டத்துக்கு ஒத்திவைத்து. இரண்டாம் கட்டம் என்று அந்தத் திட்டத்தில் ஒன்று கிடையாது. பல்துறை நிதி, திட்டத்தைப் பல்துறையாக்கிய பகுதியை வெட்டிவிட்டுப் பல்துறை நிதி தந்திருக்கிறது. சேர் கடிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. இரசாயனக்காரிதான் கொதித்தார். "காசை எடுப்பம், பாத்தியை எங்கட சம்பளத்தில வெட்டுவம்" என்றார். நான் மறுபடி அதே இலக்கத்துக்கு எடுத்தேன். அதே அலுவலர். ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கமுன் ஒரு கடிதம் எழுதலாம், மொத்தத் தொகையைக் கூட்டாமல் உள்ளுக்குள் மாற்றிக் கேட்டால் குழுவில் வைக்க இடமிருக்கிறது என்றார். வழிகாட்டியின் எந்தப் பக்கத்திலும் இது இல்லை. கேட்டவர்களுக்கு மட்டும் கிடைக்கிற வழி.

ஒரு பக்கத்தில் எழுதினோம். எனக்குக் கேட்ட இரண்டு பதிகருவியில் ஒன்றை விட்டுக்கொடுத்தேன். இரசாயனத்தில் கொழும்புக்கு அனுப்பிப் பார்க்கவிருந்த உலோகப் பகுப்பாய்வைக் குறைத்தோம். பாத்திகளின் எண்ணிக்கையும் குறைந்தது, புள்ளிவிபரத்துக்குத் தாங்குகிற அளவுக்குக் கீழே சேர் இறங்கவில்லை. குழு ஒத்துக்கொண்டது. முதல் தவணையும் வந்துவிட்டது, ஆடி மாதம். ஐப்பசிக்கு முன் நிலம் தயார். இந்த இடத்தில் அவர்களுக்கு மனதார நன்றி சொல்லவேண்டும். ஒரு நிதி அமைப்பு தன் முடிவைத் திருத்துவது சும்மா இல்லை.

ஆருக்கு இதைப் பரிந்துரைப்பேன்? ஏற்கனவே ஒரே கிணற்றடியில் நின்று கதைத்துப் பழகின குழுவுக்கு. அழைப்பு வந்த பிறகு ஆள் தேடுகிறவர்கள் வேறு இடம் பார்க்கலாம். துறைக்கு ஒரு ஆள் என்று பெயர் சேர்த்துப் போகிற விண்ணப்பங்கள் இரண்டு பக்கக் குறிப்பிலேயே அடிபடும், அடிபடத்தான் வேண்டும். புதிதாகப் பி.எச்.டி. முடித்து வந்த பிள்ளைகள் முதலில் தங்கள் துறைக்குள் ஒரு சின்ன நிதியை எடுத்துப் பழகுவது நல்லது. இங்கே கணக்கு வழக்கும் முன்னேற்ற அறிக்கையும் மூன்று இடத்திலிருந்து சேர்த்துக் கொடுக்கவேண்டும், அது தனி வேலை.

முழு முன்மொழிவு எழுதும்போது, ஒரு துறை இல்லாவிட்டால் மற்றத் துறையின் விடை எப்படிப் பிழைக்கும் என்பதை ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் திரும்பத் திரும்ப எழுதுங்கோ. அலுப்பாகத்தான் இருக்கும். ஆனால் இரசாயனக்காரர் இரசாயனப் பகுதியை மட்டும்தான் வாசிப்பார், அந்தப் பகுதியிலேயே மண்ணைப் பற்றி ஒரு வரி அவர் கண்ணில் படவேண்டும். நாங்கள் முன்னுரையில் ஒருமுறை எழுதிவிட்டு நம்பியிருந்தோம். முன்னுரையை எல்லாரும் வாசிப்பார்கள் என்றுதானே எவரும் நினைப்பார்கள்.

இன்னும் சில நடைமுறை விஷயம். பீடாதிபதி, நிதியாளர் கையெழுத்தும் மற்றப் பல்கலைக்கழகத்தின் சம்மதக் கடிதமும் முதலே எடுத்துவிடுங்கோ. இரண்டு பல்கலைக்கழகம் என்றால் எல்லாம் இரண்டு மடங்கு. விலைக்கோரலில் திகதி பழசானால் திருப்பி அனுப்புவார்கள். இணையத்தளம் ஐந்து எம்.பி.க்கு மேல் பி.டி.எஃப். ஏற்றாது, அதைச் சொல்லவும் சொல்லாது, சும்மா சுற்றிக்கொண்டே நிற்கும். படங்களைச் சுருக்கி ஏற்றுங்கோ. அழைப்பு முடிகிற நாள் வெள்ளிக்கிழமையாக இருந்தால் வியாழன் மத்தியானத்துக்குள் அனுப்பிவிடவேண்டும். அந்த இலக்கத்துக்கு வெள்ளி பின்னேரம் எடுத்தால் மணி மட்டும் அடிக்கும்.